மகனின் கணினியும் ஏழு மாதப் பொறுமையும்

விளையாட்டுக் கணினி ஒன்றை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், பெற்றோராகிய நாம் முதலில் கேட்பது அதன் விலையைத்தான். விலை கேட்பது முறையே. ஆயினும் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. எந்தப் பாகத்தை இன்றே வாங்கியாக வேண்டும், எதை நாளைக்கு ஒத்திவைக்கலாம்? வரவுக்குள் வாழவும் வட்டியிலிருந்து விலகி நிற்கவும் விரும்பும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் உதவும். எங்கள் வீட்டில் இதைக் கேட்டு, கிடைத்த விடையின்படி நடந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். இதே கோரிக்கை நாளை உங்கள் வீட்டிலும் எழக்கூடும்.

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டுக் கல்லூரிக்காகக் காத்திருந்த என் மூத்த மகன் என்னிடம் வந்தான். “வாப்பா, படிப்புக்கு என்று சொல்லி உங்களிடம் கம்ப்யூட்டர் கேட்டுவிடலாம். ஆனால், நான் கேட்பது விளையாடத்தான். பொய் சொல்லி வாங்க எனக்கு மனமில்லை” என்றான். வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் கணக்கெழுதி, பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அவன் என்னிடம் நேரில், இவ்வளவு நேராக ஒன்றைக் கேட்டது அதுவே முதல் முறை. உடனே மறுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. உடனே இணங்கவும் வரவில்லை.

என்ன விளையாட்டு என்று கேட்டேன். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளின் பெயர்களைச் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னதோ விமானம் ஓட்டும் விளையாட்டு. 2020 ஆகஸ்டில் வெளியான மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அதில் அமைத்திருக்கிறார்களாம். தூத்துக்குடி வாகைக்குளத்தில் ஏறி, நம் காயல்பட்டினத்தின் கடற்கரையை மேலிருந்து பார்க்கலாம் என்றான்.

நானும் என் துணைவியாரும் கலந்து பேசி மூன்று நிபந்தனைகள் வைத்தோம். கணினி கூடத்தில்தான் இருக்க வேண்டும். அறைக்குள் போகக் கூடாது. தொழுகையையும் உறக்கத்தையும் அது தொடக் கூடாது. செலவு 65,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்குவதில்லை. மூன்றுக்கும் ஒப்புக்கொண்டவன், மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டான். கணக்குப் பார்த்துப் பழகிய கை எனக்கு. அவனோடு நானும் உட்கார்ந்தேன்.

பட்டியல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். கடைகளின் விளம்பரங்கள் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குகின்றன. அவன் மானிட்டரிலிருந்து தொடங்கினான். திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றனவோ அத்தனையையும் ஒவ்வொரு கணமும் கிராஃபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும். 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்றால் ஏறத்தாழ 36.9 இலட்சம், 4கே என்று சொல்லப்படும் திரையில் ஏறத்தாழ 82.9 இலட்சம், அதாவது முதல் திரையைப் போல் நான்கு மடங்கு. பெரிய திரையை ஆசைப்பட்டு வாங்கினால், அதை நிரப்புவதற்கு நான்கு மடங்கு உழைக்கும் கார்டையும் தேட வேண்டியிருக்கும். ஆகவே 24 அங்குலத்தில் 1080 திரை என்று முடிவாயிற்று. மற்றச் செலவுகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலேயே கட்டுக்குள் வந்துவிட்டன.

அடுத்து, விளையாட்டின் இயல்பு. சில விளையாட்டுகள் கிராஃபிக்ஸ் கார்டின் உழைப்பை அதிகம் கேட்கும். சில புராசசரின் உழைப்பை. விமான விளையாட்டு இரண்டையுமே கேட்பது. காற்று, மேகம், பிற விமானங்கள் என்று எல்லாவற்றையும் நொடிதோறும் கணக்கிட வேண்டியிருப்பதால் புராசசர் வலுவாக இருப்பது கட்டாயம். அதை வெளியிட்ட நிறுவனம் பரிந்துரைத்தது 16 ஜிபி ராம்; வட்டில் 150 ஜிபி இடம். இந்த எண்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஏறின. பிறர் என்ன வாங்கினார்கள் என்பதை அவன் அதன் பிறகுதான் பார்த்தான்.

இங்கேதான் இரண்டு பாதைகள் பிரிந்தன.

முதல் பாதை, ஏஎம்டி நிறுவனத்தின் பழைய ஏஎம்4 வரிசை. ரைசன் 5 5600 புராசசர், அதற்கேற்ற மதர்போர்டு, டிடிஆர்4 ராம். இவற்றின் விலை குறைவு. மிச்சமாகும் தொகையோடு சற்று எளிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்த்தால் 65,000க்குள் அன்றே விளையாடத் தொடங்கிவிடலாம். ஆனால், அந்த வரிசை தன் ஆயுளின் முடிவுக்கு வந்துவிட்டது. பின்னாளில் வேகம் போதவில்லை என்றால் புராசசர், போர்டு, ராம் மூன்றையும் ஒருசேர மாற்ற வேண்டும்.

இரண்டாம் பாதை, 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 வரிசை. இதில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். அடித்தளத்துக்கே செலவு கூடும். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் மிஞ்சாது. ஆனால், நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் புராசசரை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொள்ள இடமிருக்கும்.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. கையில் இருப்பது கீழ்த்தளத்துக்குத்தான் போதும் என்றாலும், மேல்மாடியைத் தாங்கும் அளவுக்கு அடித்தளத்தையும் தூண்களையும் போட்டு, கம்பியை மேலே நீட்டி விட்டுவைப்பார்கள். பிள்ளை தலையெடுத்த பிறகு மாடி எழும். கிராஃபிக்ஸ் கார்டு அந்த மேல்மாடி. எந்த நாளிலும் போர்டில் செருகலாம், கழற்றலாம், விற்கலாம். போர்டும் மின்சாரம் தரும் பெட்டியும் அடித்தளம். அவற்றை மாற்றுவதென்றால் முழுக் கணினியையும் பிரிக்க வேண்டும்.

இதைக் கேட்ட உறவினர் ஒருவர், “எதற்கு இவ்வளவு யோசனை? கார்டைத் தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டியே இல்லையாமே” என்றார். வட்டியில்லாத் தவணை என்று இணையக் கடைகளில் எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெயரைப் பார்த்து விட்டுவிடாமல், அதன் கணக்கைப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் நடப்பது இதுதான். வங்கி தன் வழக்கமான வட்டியைப் போட்டே கடன் தருகிறது. அந்த வட்டி எவ்வளவோ, அவ்வளவு தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடி செய்துவிடுகிறார். கூட்டிக் கழித்தால் வாங்குபவருக்குச் சரியாகத் தோன்றும். ஆனால், வங்கி தரும் மாதாந்தரக் கணக்கில் வட்டி என்றே ஒரு வரி இருக்கும். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் இருக்கும். செயல்முறைக் கட்டணம் என்று தனியாகவும் ஒன்று இருக்கும். பூச்சிய விழுக்காடு வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை வழியாகத் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதன் மார்க்கத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்களுக்குத் தெரிந்த ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். என்னைப் பொறுத்தவரை, ஒப்பந்தத் தாளில் வட்டி என்று எழுதியிருக்கும் ஒன்றில், அதுவும் ஒரு விளையாட்டுப் பொருளுக்காக, என் மகனின் முதல் பெரிய கொள்முதல் தொடங்குவதை நான் விரும்பவில்லை.

இதை அவனிடம் சொன்னேன். முடிவை அவனிடமே விட்டேன். “இன்றே விளையாட வேண்டுமானால் பழைய வரிசையை எடு, அதிலும் தவறில்லை. புதிய வரிசைதான் வேண்டுமென்றால் கார்டு இல்லாமல் காத்திரு. மாதம் 4,000 ரூபாய் நான் ஒதுக்குகிறேன், மீதியை உன் உழைப்பில் சேர்” என்றேன். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் காத்திரு என்பது கசப்பான சொல். ஒரு நாள் முழுவதும் அவன் பேசவில்லை. மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில், “காத்திருக்கிறேன், வாப்பா” என்றான்.

அதன் பிறகும் ஒரு சோதனை மிச்சமிருந்தது. ஏஎம்5 வரிசையிலேயே ரைசன் 5 8600ஜி என்ற புராசசர் அவ்வாண்டின் தொடக்கத்தில் வந்திருந்தது. அதற்குள்ளேயே ஓரளவு வலுவான கிராஃபிக்ஸ் உண்டு. தனிக் கார்டு இல்லாமலேயே பல விளையாட்டுகளை எளிய அமைப்பில் ஓட்டலாம். ரைசன் 5 7600 புராசசரில் உள்ள கிராஃபிக்ஸோ திரையில் படம் காட்டவும் அன்றாட வேலைகளுக்கும் மட்டுமே போதுமானது. இரண்டிலும் ஆறு கருக்கள்தாம். ஆனால், அடிக்கடி வேண்டிய தரவை அருகிலேயே வைத்துக்கொள்ளும் மூன்றாம் நிலை கேஷ் 7600இல் 32 எம்பி. 8600ஜியில் 16 எம்பி. பின்னாளில் தனிக் கார்டு வந்து சேர்ந்ததும், விமான விளையாட்டைப் போன்றவற்றில் 7600தான் முந்தும். காத்திருக்கும் சில மாதங்களுக்காக வாங்குவதா, அதற்குப் பின் வரும் பல ஆண்டுகளுக்காக வாங்குவதா என்று நோட்டில் எழுதி, கீழே 7600 என்று அவனே விடையும் எழுதியிருந்தான். கார்டே வாங்கப் போவதில்லை என்ற வீட்டுக்கு 8600ஜி நல்ல தேர்வு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இன்டெல் புராசசர்களைப் பார்ப்போருக்கு ஒரு குறிப்பு. எண்ணின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், 12400எஃப் என்பதைப் போல, அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. எங்களைப் போல் கார்டைப் பிறகு வாங்க நினைப்பவர்கள் அந்த எழுத்தைக் கவனிக்க வேண்டும்.

இனி, கடைத்தெருவில் எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கப்படும் மின்பெட்டி. மின்சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, 12 வோல்ட்டாகவும் அதற்குக் குறைவாகவும் மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது இதன் வேலை. விலை குறைந்த கேபினெட்டுகளோடு இலவசமாக வரும் பெட்டிகளில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கிப் பார்த்தால் 216 வாட்தான். கணினியின் பெரிய பாகங்கள் அனைத்தும் உண்பது அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்தே. கணக்குப் புத்தகங்களில் எழுத்தும் எண்ணும் முரண்படுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த வகையே.

எங்கள் தேவையைக் கூட்டினோம். 7600 புராசசர் அதிக அளவாக 88 வாட் எடுக்கும். பின்னர் வாங்க நினைத்திருந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். போர்டு, ராம், விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாட் வைத்தாலும் மொத்தம் 263 வாட். அந்தக் கார்டுக்கு 550 வாட் பெட்டியே போதும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. பிற்காலத்தில் இன்னும் பெரிய கார்டு வந்தாலும் தாங்கட்டும் என்று 650 வாட்டில், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையும் ஐந்தாண்டு வாரண்டியும் உள்ளதாகத் தேர்ந்தோம். அரைச்சுமையில் 85 விழுக்காடு மின்சாரம் வீணாகாமல் பாகங்களுக்குச் சென்று சேரும் என்பதே அந்த முத்திரையின் பொருள். அது சிக்கனத்துக்கான சான்று மட்டுமே. பாதுகாப்புக்கான சான்று அன்று. எனவே மின்னழுத்தம் கூடினாலும் குறுக்கு மின்னோட்டம் நேர்ந்தாலும் தானே நின்றுவிடும் காப்புகள் இருக்கின்றனவா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெட்டியின் உள்ளே மறைந்திருக்கும் இந்தப் பாகத்தில் 2,000 ரூபாயை மிச்சம் பிடிப்பது, மற்ற 60,000 ரூபாய்ப் பொருளையும் பணயம் வைப்பதாகும். வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதையும் மின்பணியாளரை அழைத்துச் சோதித்துக்கொண்டோம்.

கேபினெட்டைத் தேர்வதில் எங்கள் ஊரின் வானிலையே முடிவு சொன்னது. கோடையில் கூடத்தின் வெப்பம் 34, 35 பாகையைத் தொடும். முன்புறம் கண்ணாடியால் மூடிய கேபினெட்டுகள் பார்ப்பதற்கு அழகு. காற்று உள்ளே போக வழியில்லை. முன்முகம் முழுவதும் வலைக்கண்ணாக, மூன்று விசிறிகளுடன், கழற்றிக் கழுவக்கூடிய தூசிவலையும் உள்ள ஒன்றை எடுத்தோம். கடலோரத்தில் குடியிருப்போர், உப்புக்காற்று நேராக வீசும் சன்னலருகே கணினியை வைக்காதிருப்பது நல்லது.

ராமில் 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினோம். இரண்டு துண்டுகள் இருந்தால் புராசசர் இரண்டு வழிகளில் தரவை எடுக்கும். ஒன்றே இருந்தால் ஒரு வழிதான். சேமிப்புக்கு 1 டிபி அளவுள்ள எஸ்எஸ்டி. நொடிக்கு 7,000 எம்பி வேகம் என்று விளம்பரம் செய்யப்படுவதற்கும் அதில் பாதி வேகமுள்ளதற்கும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே வேகத்துக்குக் கூடுதல் விலை தராமல், கொள்ளளவையும் வாரண்டியையும் பார்த்து எடுத்தோம்.

மே மாதத்தில் இரவு ரயிலேறிச் சென்னை சென்றோம். மண்ணடியில் மச்சான் வீட்டில் தங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுவதும் அலைந்தோம். மூன்று கடைகளில் விலைப் பட்டியல் எழுதி வாங்கினோம். கேட்கும் விலை 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொன்ன இடமும் உண்டு. பில் இல்லையேல் வாரண்டி இல்லை. அரசுக்குச் சேர வேண்டியதும் சேராது. பெட்டியில்லாமல் தனியே தரப்படும் புராசசரையும் தவிர்த்தோம். பெட்டியோடு வாங்கினால் விசிறியும் தயாரிப்பாளரின் மூன்றாண்டு வாரண்டியும் சேர்ந்தே வருகின்றன.

பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளும் அங்கே பாதி விலையில் கிடைத்தன. எதீரியம் என்னும் மின்நாணயத்தை உருவாக்குவதற்காக இரவு பகலாக ஓடிய ஏராளமான கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றுபோனதும் சந்தைக்கு வந்துவிட்டன. எல்லாப் பழைய கார்டுகளும் பழுதானவை அல்ல. ஆனால், விற்பனையில் குறையை மறைக்காமல் சொல்வது கடமை என்று அறிந்தவர்கள் நாம். தான் விற்கும் கார்டு எங்கே, எத்தனை நாள் ஓடியது என்று சொல்ல இயலாதவரிடம் வாங்க வேண்டாம் என்று திரும்பினோம்.

அன்று நாங்கள் கொடுத்த கணக்கு இது. புராசசர் 18,500, மதர்போர்டு 12,500, ராம் 5,500, எஸ்எஸ்டி 6,000, எஸ்எம்பிஎஸ் 5,000, கேபினெட் 4,500, மானிட்டர் 10,000, விசைப்பலகையும் சுட்டியும் 1,500, மின்னதிர்வைத் தடுக்கும் பலகை 1,000. மொத்தம் 64,500 ரூபாய். மீதமிருந்த 500 ரூபாய் எங்கள் பகலுணவுக்குச் சரியாயிற்று. விலைகள் மாதந்தோறும் மாறுவன. தொகைகளை விட்டுவிட்டு, எதற்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஊர் திரும்பிய அன்று அஸருக்குப் பின் கூடத்தில் பாய் விரித்து வேலையைத் தொடங்கினோம். இந்த வரிசையில் புராசசரின் அடியில் ஊசிகள் இல்லை. போர்டில்தான் 1,718 நுண்ணிய ஊசிகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டு வீணாகலாம். கைத்தவறுக்கு வாரண்டியும் இல்லை. “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி அவன் புராசசரை வைத்தபோது, சமையலறையில் பாத்திர ஓசைகூட நின்றுவிட்டது. ராம் துண்டுகளை இரண்டாம், நான்காம் துளைகளில் பொருத்தினான். திருகுகளை நான் எடுத்துக் கொடுத்தேன். மின்விசையை அழுத்தினோம், விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது. அவன் முகம் வாடவில்லை. புதிய டிடிஆர்5 ராமைப் போர்டு பழகிக்கொள்ள முதல் முறை சில நிமிடங்கள் ஆகும் என்பதை முன்பே படித்து வைத்திருந்தான். அணைத்துவிடாமல் காத்திருந்தோம். மஃரிபு பாங்கு ஒலிப்பதற்குச் சற்று முன்னர் திரையில் எழுத்துகள் தோன்றின. அல்ஹம்துலில்லாஹ்.

பாகங்களின் பட்டியலில் பலரும் எழுத மறக்கும் ஒன்று இயங்குதளம். விண்டோஸ் உரிமத்தின் விலை ஒன்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. உடைத்த விண்டோஸை இலவசமாகப் போட்டுத் தருவது நம் ஊர்களில் சாதாரணம். பிறருடைய உழைப்பை விலை கொடாமல் எடுப்பது எப்படிச் சாதாரணமாகும் என்பதைப் பிள்ளைகளோடு பேச இதைவிடப் பொருத்தமான தருணம் கிடைக்காது. கார்டு வரும்வரை அவன் உபுண்டு லினக்ஸைப் போட்டுக்கொண்டான். அது யாவருக்கும் இலவசமாக, முழு உரிமையோடு வழங்கப்படுவது. அதிலேயே 1997 முதல் ஆர்வலர்களால் உருவாக்கப்பட்டுவரும் ஃபிளைட்கியர் என்னும் இலவச விமான விளையாட்டும் கிடைத்தது. காட்சிகள் எளியவைதாம். ஆனாலும் புறப்பாடு, தரையிறக்கம், காற்றின் திசை, உயரமானி ஆகியவற்றை எல்லாம் அவன் அதில்தான் கற்றான்.

ஏழு மாதங்கள் சென்றன. தெருப் பிள்ளைகள் நால்வருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்து 9,500 ரூபாய் சேர்த்தான். என் பங்கு 28,000. டிசம்பரில் 37,500 ரூபாய் கையிலிருந்தது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 28,500க்கும் விண்டோஸ் உரிமம் 9,000க்கும் வந்தன. கார்டைச் செருக அவனுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. மின்பெட்டி, கேபினெட், போர்டு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தவணைக்காக எந்த மாதமும் யாருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

விளையாட்டை அதன் பிறகு தன் கல்வி உதவிப் பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு வாங்கினான். வாகைக்குளத்தில் ஏறிக் கடற்கரையோரமாகப் பறந்து எங்கள் ஊரைக் காட்டினான். பிறகு அவனுடைய உம்மா, “வாப்பா இருந்த ஊரைக் காட்டு” என்றார். துபாயின் கடற்கழியைத் தேடிப் பிடித்து, தேராவின் மேல் தாழப் பறந்தான். பதினெட்டு ஆண்டுகள் கடிதங்களின் முகவரியாக மட்டுமே அவர் அறிந்திருந்த இடம் அது. எந்தப் பக்கம் கடை, எந்தப் பக்கம் தங்கியிருந்த அறை, எந்தப் பள்ளியில் ஜும்ஆ என்று நான் விரல் நீட்டிக் காட்டக் காட்ட, மகன் விமானத்தை வட்டமிட்டான். விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிடும் ஒன்றுக்குள் இப்படியும் ஒரு மாலை இருந்தது.

உங்கள் பிள்ளை இதே கோரிக்கையோடு வந்தால், நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று முதலில் கேளுங்கள். கையிலுள்ள தொகையை எழுதி, கீழே கோடு போடுங்கள். ஒரே முறைதான் செலவு செய்ய முடியும், பின்னர் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் பழைய வரிசையையும் கார்டையும் ஒருசேர வாங்குவதே சிக்கனம். சில ஆண்டுகளுக்கு வளர்த்தெடுக்க எண்ணினால், மாற்றக் கடினமானவற்றை நல்லதாக இன்று வாங்குங்கள். எளிதில் செருகக்கூடியதைப் பணம் சேரும்வரை விட்டுவையுங்கள். பில்லையும் வாரண்டித் தாள்களையும் ஒரே உறையில் வையுங்கள். இயன்றால், பாகங்களைப் பொருத்தும் நாளில் நீங்களும் அந்தப் பாயில் உட்காருங்கள். திருகு எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டியிருக்கும்.